ஏழைப் பையன் ரொட்டி

புதிதாக ஓர் ஊருக்குப் போனால் முதலில் கோயிலைப் பார்க்கவேண்டும் என்பார் என் தாயார். என் தகப்பனாரோ, "கோயில் எங்கேயும் ஓடிப் போகாது. பசி வருவதற்குள் நல்ல ஹோட்டல் எது என்று விசாரித்து வை" என்பார். அவர் ஹோட்டல் நடத்தியவர். தொழில் அபிமானம் அவரை அப்படிப் பேசவைத்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் தகப்பனார் கட்சி. மற்ற விஷயங்களில் அவரோடு எனக்கு நெடுநாள் வழக்கு ஒன்று உண்டு. அதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் சொல்லித்தான் ஆகவேண்டும்.

என் மகன் உத்தியோகம் பார்ப்பது அமெரிக்காவின் தென்கோடியில், மிஸிஸிப்பி நதி கடலில் விழுவதற்கு முன்னால் பிறைபோல வளைந்து திரும்புகிற இடத்தில் உள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில். அவன் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். தெருக்கோடியில் ஒரு வீடு நெடுநாளாகப் பூட்டிக் கிடந்தது. ஒரு நாள் அதன் கதவுக்குப் பச்சை வர்ணம் அடித்தார்கள். அடுத்த வாரம் ஜன்னலுக்கு மேலே ஒரு பலகை ஏறிற்று. ஸாண்ட்விச் கடை! பலகையில் 'டெலி' என்றும் எழுதியிருந்தது. ருசியான பண்டங்களுக்கு ஜெர்மன் பாஷையில் வழங்கும் 'டெலிகடெஸன்' என்ற நீண்ட பெயர், அமெரிக்காவில் வால் அறுந்து அப்படி ஆகிவிட்டது. ரொட்டி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், பதப்படுத்திய மாமிசம் எல்லாம் அங்கே கிடைக்கும் என்று அர்த்தம்.

"கடைக்காரி இந்த வட்டாரத்துப் பெண்மணிதான் அப்பா. சொந்தக் கடை. ஒரு தடவை போய்ச் சாப்பிட்டுப் பார்ப்போமே" என்றான் மகன்.

"எனக்கு அங்கே என்ன இருக்கப்போகிறது? தண்ணீரும் ஊறுகாயும்தான்!" என்றேன். ஆனாலும் போனேன். புதுக் கடை என்றால் என் கால் தானாக நடக்கும்.

உள்ளே ஐந்தே மேஜைகள். சுவரில் கரும்பலகை. அதில் சாக்கட்டியால் எழுதிய பட்டியலில் முக்கால்வாசி 'போ பாய்' என்றே முடிந்தது. யாரோ ஒரு பாயைப் போகச் சொல்கிறார்களோ என்று நான் முதலில் மிரண்டுபோனேன். மகன் சிரித்துவிட்டு விளக்கம் சொன்னான். 'புவர் பாய்', அதாவது ஏழைப் பையன் என்பது இந்த ஊர் நாக்கில் தேய்ந்து 'போ பாய்' ஆயிற்றாம். முழங்கை நீள ரொட்டியை இரண்டாகப் பிளந்து, நடுவே பொரித்த இறாலோ, சிப்பி மாமிசமோ, மாட்டிறைச்சியோ திணித்துக் கொடுப்பது வழக்கம். பட்டியலின் கடைசி வரியில், எல்லாவற்றிலும் குறைந்த விலையில், எனக்கும் ஒன்று இருந்தது: பொரித்த உருளைக்கிழங்கு. அதன்மேல் இறைச்சிக் குழம்பு ஊற்றுவது சம்பிரதாயம். குழம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

"டிரெஸ்ட்?" என்று கேட்டாள் கடைக்காரி. 

நான் அவசரமாகக் குனிந்து என் சட்டைப் பொத்தான்களைப் பார்த்துக்கொண்டேன். உடுத்தியிருப்பது ஒழுங்காக இருக்கிறதா என்று கேட்கிறாள் என்றல்லவா நினைத்தேன்? ரொட்டிக்குத்தான் அந்தக் கேள்வி. கோசுக் கீரை, தக்காளி, வெள்ளரி ஊறுகாய், மயோனேஸ் இவற்றை வைத்தால் அந்த ஊரில் ரொட்டி 'உடுத்திக்கொண்டது' என்று பொருள். எங்கள் ரொட்டியும் உடுத்திக்கொண்டு வந்தது. ஆனால் சிங்காரித்துக்கொள்ள இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. உருளைக்கிழங்கில் ஒரு சிட்டிகை உப்புக் குறைவு. இவை இரண்டும் குற்றங்கள். மற்றபடி, ரொட்டியின் மேல்தோல் அப்பளம்போல் நொறுங்கிற்று. உள்ளே பஞ்சுபோல் இருந்தது. பாதிக்குமேல் என்னால் முடியவில்லை.

பணம் கொடுக்கும்போது மகன், "வியாபாரம் எப்படி?" என்று விசாரித்தான்.

"இன்று பதினோராவது நாள். பதினோரு நாளும் கதவைத் திறந்துவிட்டேன்" என்றாள் அவள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் ஹோட்டல்காரர் பிள்ளையான எனக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. 2005-ஆம் வருஷம் ஆகஸ்டு 29-ஆம் தேதி கத்ரீனா என்னும் புயல் வந்தது. கரைகள் உடைந்து நகரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீரில் மூழ்கிற்று. அந்தப் பெருவெள்ளத்தில் ஊரை விட்டு ஓடியவர்களில் அவளும் ஒருத்தி. ஹியூஸ்டன் நகரத்தில் பல வருஷம் பிறருடைய சமையலறைகளில் ரொட்டி அறுத்துவிட்டு, சேர்த்த பணத்தோடு கடனும் வாங்கிக்கொண்டு திரும்பிவந்து, பிறந்த வட்டாரத்திலேயே கடை போட்டிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பெயர் என்னை விடவில்லை. யார் அந்த ஏழைப் பையன்? அவன் பெயரை ரொட்டிக்கு வைத்தது யார்? அன்று தொடங்கி ஒரு வாரம் புத்தகங்களைப் புரட்டினேன். கிடைத்த சரித்திரம் வயிற்றுக்கும் மனசுக்கும் சேர்ந்தாற்போல் வேலை வைத்துவிட்டது.

ரொட்டிக்கு நடுவே எதையாவது வைத்துத் தின்பது மனிதன் எந்தக் காலத்திலோ கற்றுக்கொண்ட வித்தை. அதற்கு 'ஸாண்ட்விச்' என்ற பெயர் கிடைத்ததுதான் பதினெட்டாம் நூற்றாண்டில். ரோம சாம்ராஜ்யத்தின் வீழ்ச்சியைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற எட்வர்ட் கிப்பன் 1762-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் எழுதிய நாட்குறிப்பில் அந்தச் சொல் வருகிறது. லண்டனில் ஒரு கிளப்பில் நாட்டின் பெரிய மனிதர்கள் சிறு சிறு மேஜைகளில் உட்கார்ந்து அதைச் சாப்பிடுவதைக் கண்டு எழுதினார். பெயருக்கு உரியவர் ஜான் மாண்டகு, ஸாண்ட்விச் பிரபு. அவர் சூதாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல் இரண்டு ரொட்டித் துண்டுக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது எல்லாரும் சொல்லும் கதை. பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய லண்டன் பிரயாண நூலிலிருந்து பரவிய வம்பு அது. பிரபுவின் சரித்திரத்தை எழுதிய ஆசிரியர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கடற்படை இலாகாவின் தலைவராக இருந்த அவர் ஆபீஸ் மேஜையில் வேலை செய்துகொண்டே சாப்பிட்டிருப்பார் என்பது அவர் கட்சி. எப்படியானாலும் சரி, ஒன்று நிச்சயம். ஸாண்ட்விச் என்பது பிரபுவின் பெயர். அது பிரபுக்களின் மேஜையிலிருந்து இறங்கி, கடல் தாண்டி, டிராம் கண்டக்டரின் கைக்கு வந்து சேர்ந்தபோதுதான் 'ஏழைப் பையன்' ஆயிற்று.

நியூ ஆர்லியன்ஸை 1718-இல் ஸ்தாபித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். பிறகு ஸ்பெயின் தேசத்தார் ஆண்டார்கள். 1803-இல் அமெரிக்கா அதை விலைக்கு வாங்கிற்று. ஆண்டவர்கள் போய்விட்டாலும் ரொட்டி மட்டும் பிரெஞ்சு ரொட்டியாகவே நின்றுவிட்டது. அதைச் சுட்டவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்த ஊரில் பெயர்பெற்ற லைடன்ஹைமர் ரொட்டிக் கிடங்கை 1896-இல் தொடங்கியவர் ஜெர்மனியிலிருந்து வந்தவர். இன்னொரு பெயர்பெற்ற ரொட்டிக்காரர் ஜான் ஜெண்டூசா, இத்தாலிய வம்சம். 1975-க்குப் பிறகு வியட்நாமிலிருந்து அகதிகள் வந்தார்கள். தங்கள் நாட்டிலும் பிரெஞ்சு ஆட்சி விட்டுப்போன ரொட்டியையே அவர்களும் சுட்டார்கள். அவர்களுடைய ஸாண்ட்விச்சை ஊர்க்காரர்கள் 'வியட்நாம் போ பாய்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். ஊருக்குள் யார் புதிதாக வந்தாலும் கடைசியில் அதே அடுப்புக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள்.

இனி நம் கதாநாயகர்கள். பென்னி மார்ட்டின், க்ளோவிஸ் மார்ட்டின் என்று இரண்டு சகோதரர்கள். லூயிஸியானா மாகாணத்தில் ரேஸ்லண்ட் என்ற சிற்றூர்க்காரர்கள். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்து டிராம் வண்டியில் கண்டக்டர்களாக வேலை பார்த்தார்கள். 1922-ஆம் வருஷம் அந்த வேலையை விட்டுவிட்டு, நதிக்கரையை ஒட்டிய பிரெஞ்சு மார்க்கெட்டில் ஒரு சின்னக் காப்பிக் கடை வைத்தார்கள்.

ஏழு வருஷம் கழித்து, 1929 ஜூலை முதல் தேதி, நகரத்து டிராம் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் தொடங்கினார்கள். கம்பெனி வெளியூர்களிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வண்டியை ஓட்டப் பார்த்தது. ஜூலை 5-ஆம் தேதி கனால் தெருவில், பல்லாயிரம் ஜனங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க, ஒரு டிராம் வண்டி தீக்கிரையாயிற்று. கலகத்தில் உயிர்ச்சேதமும் நேர்ந்தது. ஊர் ஜனங்கள் பெரும்பாலும் தொழிலாளிகள் பக்கம் இருந்தார்கள். நியூ ஆர்லியன்ஸின் கொடிய கோடை வெயிலில், டிராமில் ஏறாமல் நடந்தே போனார்கள்.

வேலை நிறுத்தம் என்பது முதல் வாரத்தில் உற்சாகம். இரண்டாம் வாரத்தில் வாக்குவாதம். மூன்றாம் வாரத்தில் பசி. ஆகஸ்டு மாதம் மார்ட்டின் சகோதரர்கள் டிராம் தொழிலாளிகளின் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். 194-ஆம் கிளையைச் சேர்ந்த எந்த உறுப்பினருக்கும் தங்கள் கடையில் சாப்பாடு இலவசம் என்பது அதன் சாரம். நரகமே குளிர்ந்து உறைந்து போகிறவரைக்கும் நாங்கள் உங்களோடு இருப்போம் என்றும், அப்படி உறைந்து போனால் கம்பளியும் தருவோம் என்றும் வேடிக்கையாக வேறு எழுதியிருந்தார்கள். வேலை நிறுத்தக்காரர் ஒருவர் கடைப் பக்கம் வரும்போதெல்லாம், "அதோ இன்னொரு ஏழைப் பையன் வருகிறான்" என்று சகோதரர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்களாம். பென்னி மார்ட்டின் பிற்காலத்தில் அப்படித்தான் சொன்னார். அந்தப் பெயர் ஆளிடமிருந்து ரொட்டிக்குத் தாவிவிட்டது.

இதில் ஒரு சின்ன விவரம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பிரெஞ்சு ரொட்டி இரண்டு முனையிலும் கூம்பிப்போய் இருக்கும். துண்டு போடும்போது முனைத் துண்டு யாருக்குக் கிடைக்கிறதோ, அவருக்குப் பாதிச் சாப்பாடுதான். ஆகையால் சகோதரர்கள் ஜான் ஜெண்டூசாவிடம் போனார்கள். ஒரு முனையிலிருந்து மறு முனைவரையில் ஒரே பருமனாக, 40 அங்குல நீளத்தில் அவர் ரொட்டி சுட்டுக் கொடுத்தார். இனாமாகக் கொடுக்கிற ரொட்டிதானே, எப்படி இருந்தால் என்ன என்று அவர்கள் விட்டுவிடவில்லை. பந்தியில் கடைசி இலைக்காரனுக்கும் முதல் இலைக்காரனுக்கும் பரிமாறுவதில் வித்தியாசம் வரக்கூடாது என்று நம் ஊரில் சொல்வோமே, அந்தக் கவலை அவர்களுக்கும் இருந்திருக்கிறது.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். எனக்கும் என் தகப்பனாருக்கும் உள்ள வழக்கு என்று சொன்னேனே, அது இப்போது என் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது.

அவருடைய ஹோட்டல் ஒரு பஞ்சாலையின் வாசலுக்கு எதிரே இருந்தது. ஹோட்டல் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நாலு பெஞ்சியும் ஒரு பாய்லரும்தான். ஆலைச் சங்கு ஊதினால் கூட்டம் சேரும். பெரும்பாலும் எல்லாருக்கும் கணக்கு நோட்டு உண்டு. சம்பளத் தேதியில் வந்து பாக்கியைத் தீர்ப்பார்கள். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது ஆலையில் வேலை நிறுத்தம் வந்தது. முதல் வாரம் அப்பா நோட்டில் எழுதிக்கொண்டே போனார். அம்மா ராத்திரியில் நோட்டைக் கூட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். பால்காரரும் மளிகைக்காரரும் தவணை கேட்டு வந்து நின்றார்கள். இரண்டாம் வாரம் திங்கட்கிழமை காலை, கல்லாவுக்கு மேலே ஒரு புதுப் பலகை தொங்கிற்று: 'கடன் அன்பை முறிக்கும்.'

தினமும் விடியற்காலையில் முதல் ஆளாக வருகிற ஒருவர் இருந்தார். அவர் அன்றும் வந்தார். காப்பி டம்ளரைக் கையில் எடுத்தவர், பலகையைப் படித்தார். குடிக்காமல் டம்ளரை மெதுவாக மேஜைமேல் வைத்தார். மடியை அவிழ்த்து, அந்தக் காப்பிக்கு உண்டான காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அப்புறம் அவர் எங்கள் கடைக்கு வரவே இல்லை. வேலை நிறுத்தம் முடிந்து சங்கு மறுபடி ஊதிய பிறகும் வரவில்லை. அந்தக் காப்பி ஆடை படிந்து ஆறிப்போனது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வளர்ந்த பிறகு இதை வைத்துக்கொண்டு அப்பாவோடு எத்தனையோ தடவை சண்டை போட்டிருக்கிறேன். கதைகளில் கருணையைப் பற்றி எழுதுகிறவனுக்கு வீட்டில் இப்படி ஒரு பலகை இருந்தது பெரிய அவமானமாகப் பட்டது. அவர் ஒரு நாளும் பதில் சொன்னதில்லை. அம்மாதான் ஒரு முறை சொன்னாள்: "அந்தப் பலகைதான் உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டிற்று. அதையும் உன் கதையிலே எழுது." இத்தனை நாளும் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

மார்ட்டின் சகோதரர்களின் கடிதத்தைப் படித்தபோது, "பார்த்தாயா, மனசிருந்தால் முடிகிறதே!" என்று எனக்குள் இருந்த பழைய வக்கீல் எழுந்து நின்றான். ஆனால் சரித்திரம் அவனை அதிக நேரம் நிற்கவிடவில்லை.

முதலாவது, அந்த வேலை நிறுத்தம் தோற்றுப்போயிற்று. மாதக்கணக்கில் இழுத்து, தொழிலாளிகள் நினைத்தது நடக்காமலே முடிந்தது. அந்த வருஷம் அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை கவிழ்ந்து, உலகமே தரித்திரத்தில் விழுந்தது. குறைந்த காசில் வயிறு நிரப்பும் நீள ரொட்டிக்கு அப்போதுதான் நல்ல காலம் பிறந்தது. மார்ட்டின் சகோதரர்களின் கடை செழித்துப் பெரிதாயிற்று. அவர்கள் லாபத்தை எண்ணித் தானம் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தானம் லாபமாகவும் விளைந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எங்கள் அப்பாவுக்கு ஒரே ஒரு நோட்டும், தெரு முனையில் நிற்கும் பால்காரரும்தான் இருந்தார்கள்.

இரண்டாவது விஷயம் இன்னும் கசப்பானது. 'ஏழைப் பையன்' என்று இரக்கப்பட்டார்களே, அந்தப் பையன்கள் வெள்ளையர்கள். அந்தக் காலத்தில் அந்த ஊர் டிராம் வண்டியில் கறுப்பருக்குக் கண்டக்டர் வேலை கிடையாது. பிரயாணம் செய்யலாம். அதிலும் ஆசனத்தின் முதுகில் ஒரு பலகையைச் செருகி, அதற்குப் பின்னால்தான் உட்காரவேண்டும் என்று சட்டம். பலகை என்றால் என் வீட்டில் மட்டுமா தொங்கிற்று? அந்தப் பலகைகள் 1958-ஆம் வருஷம் கோர்ட்டு உத்தரவின் பேரில்தான் கழற்றப்பட்டன. அதற்குப் பிறகும் கனால் தெருவின் பெரிய கடைகளில் கறுப்பர் துணி வாங்கலாம், ஆனால் அதே கடையின் சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து ஒரு ஸாண்ட்விச் கேட்க முடியாது. 1960 செப்டம்பரில் கறுப்பரும் வெள்ளையருமாகச் சில வாலிபர்கள் அந்த மேடைகளில் போய்ச் சும்மா உட்கார்ந்தார்கள். கைதானார்கள். அவர்களில் நான்கு பேர் மீது போட்ட வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. 1963-இல் அவர்களுக்கு விதித்த தண்டனை செல்லாது என்று தீர்ப்பாயிற்று. பிரபு சாப்பிட்ட ஸாண்ட்விச்சை உட்கார்ந்து சாப்பிட மனிதன் ஜெயிலுக்குப் போகவேண்டியிருந்தது!

ஆகையால் நியூ ஆர்லியன்ஸ் ஸாண்ட்விச் கடைகளின் சரித்திரத்தை மார்ட்டின் சகோதரர்களோடு முடிக்கக்கூடாது. ஆர்லியன்ஸ் அவென்யூ என்ற வீதியில், கறுப்பர்கள் வாழும் ட்ரெமே வட்டாரத்தில், 1941-ஆம் வருஷம் எமிலி சேஸ் என்ற அம்மாளும் அவர் கணவர் டூக்கி சேஸும் ஒரு சின்னக் கடை வைத்தார்கள். லாட்டரிச் சீட்டு விற்பார்கள், ஸாண்ட்விச்சும் விற்பார்கள். கறுப்பர்கள் நம்பிப் போகக்கூடிய பாங்கிகள் அங்கே இல்லாத காலம். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் தொழிலாளிகள் சம்பளச் செக்கை எடுத்துக்கொண்டு இந்தக் கடைக்கு வருவார்கள். முகம் தெரிந்தவர்களுக்குக் கடைக்காரர்கள் செக்கை மாற்றிப் பணம் கொடுப்பார்கள். பணத்தை வாங்கிக்கொண்டு, கையோடு ஒரு போ பாயும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

1946-இல் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவர் லியா சேஸ். ஸாண்ட்விச் கடையை மேஜை விரிப்புப் போட்ட பெரிய ஹோட்டலாக வளர்த்தவர் அவர்தான். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிடுவது சட்ட விரோதமாக இருந்த நாளிலேயே, உரிமைப் போராட்டக்காரர்கள் அவருடைய மாடி அறையில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு யோசனை செய்தார்கள். போலீஸாருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்தக் கடையில் கைவைத்தால் வட்டாரமே திரண்டு வரும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். 2005-ஆம் வருஷத்து வெள்ளத்தில் அந்த ஹோட்டலும் மூழ்கிற்று. இரண்டு வருஷம் கழித்து மறுபடி திறந்தார்கள். லியா சேஸ் 2019-இல், 96-ஆவது வயதில் காலமானார். கடைசி வருஷங்களிலும் அவர் சமையலறையை விட்டு விலகவில்லை.

இவ்வளவையும் படித்த பிறகு எங்கள் தெருக்கோடிக் கடையைப் பற்றி எனக்குக் கவலை பிறந்தது. அதே சாலையில் கொஞ்ச தூரம் நடந்தால் உலகமெங்கும் கிளை பரப்பிய 'சப்வே' கடை வந்துவிடும். அதை ராட்சஸன் என்று திட்டலாமென்று பார்த்தால், அதன் பூர்வோத்தரமும் அதேதான். 1965-ஆம் வருஷம் கனெக்டிகட் மாகாணத்து பிரிட்ஜ்போர்ட் நகரில், பிரெட் டிலூக்கா என்ற 17 வயதுப் பையன், காலேஜ் படிப்புக்குப் பணம் வேண்டி, குடும்ப நண்பர் ஒருவரிடம் 1,000 டாலர் வாங்கிக்கொண்டு வைத்த சின்ன ஸாண்ட்விச் கடைதான் அது! அவனும் ஒரு காலத்தில் கதவைத் திறந்த நாட்களை எண்ணியிருப்பான். கடை பெரிதாவது பாவமில்லை. ஆனால் பதினாயிரக்கணக்கான ஊர்களில் ஒரே மாதிரி ரொட்டி அறுக்கிற இடத்தில், இன்றைக்கு யாருக்கு இனாமாகக் கொடுக்கலாம், யாருடைய செக்கை மாற்றலாம், யாரை உட்காரவைக்கலாம் என்று தீர்மானிக்க அங்கே நிற்கிற ஆளுக்கு அதிகாரமில்லை. சொந்தக் கடைக்காரருக்கு உண்டு. அவர் நல்லதையும் செய்யலாம், கெட்டதையும் செய்யலாம். எதைச் செய்தாலும் எதிரே நிற்கிறவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு செய்யவேண்டும். அந்தக் கஷ்டம்தான் அந்தத் தொழில்.

மார்ட்டின் சகோதரர்களும் முன்னாள் கண்டக்டர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். வந்து நின்றவர்களின் முகங்கள் அவர்கள் கூட வேலை பார்த்த முகங்கள். சேஸ் தம்பதிகளும் செக்கைப் பார்த்துப் பணம் கொடுக்கவில்லை, முகத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்கள். என் அப்பா மட்டும் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு உபாயம் தேடினார். வாயால் சொல்ல மாட்டாமல் பலகையைச் சொல்லவைத்தார். கல்நெஞ்சக்காரராக இருந்திருந்தால் வாயாலேயே சொல்லியிருப்பாரே! இத்தனை வருஷம் வாதாடிய வக்கீலுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அடுத்த வியாழக்கிழமை மழை கொட்டிற்று. மகன் ஆபீஸுக்குப் போய்விட்டான். குடையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் தெருக்கோடிக்குப் போனேன். புதுக் கடைக்கு முதல் தடவை போவதில் பெருமை ஒன்றுமில்லை. அது வேடிக்கை பார்க்கிற ஆசை. கடை பிழைப்பதும் அழிவதும் இரண்டாம் தடவை வருகிறவர்களின் கையில் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னதும் அப்பாதான்.

மழைக்குக் கடையில் யாரும் இல்லை. கடைக்காரி நிமிர்ந்து பார்த்தாள். நான் குடையை மடக்குவதற்குள், "உருளைக்கிழங்கு; குழம்பு இல்லை; உடுத்திக்கொண்டது; உப்புக் கொஞ்சம் தூக்கலாக. சரிதானே?" என்றாள்.

உப்பைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. முதல் நாள் மேஜையில் இருந்த உப்புக் குப்பியை நான் எடுத்ததைப் பார்த்திருக்கிறாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து, கனால் தெருப் பக்கமிருந்து வந்த டிராம் வண்டியின் மணிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அன்றைக்குப் பாதியில் நிறுத்தவில்லை. சாப்பிடும்போது, காசை எண்ணி வைத்துவிட்டுப் போன அந்த ஆலைத் தொழிலாளியின் ஞாபகம் வந்தது. அவருக்கு ஆடை இல்லாத காப்பி, சர்க்கரை ஒன்றரைக் கரண்டி. அவர் தெருமுனையில் வரும்போதே அப்பா டம்ளரை எடுத்துவிடுவார். பலகை தொங்கிய அன்றும் எடுத்துவிட்டார்.